தகடு பிறகு, நிழல் முதலில்

வாசகர் கேள்வி – பதில்

கட்டிடங்களும் ஆற்றலும் என்ற பொருளில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சூரியத் தகடுகளைப் பற்றியவை. சுவரைப் பற்றியோ ஜன்னலைப் பற்றியோ கேட்டவர்கள் மிகச் சிலரே. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக ஆக்கியிருக்கிறேன்.

கேள்வி: புதிதாக வீடு கட்டப் போகிறோம். கூரை முழுவதும் சூரியத் தகடு பதித்துவிட்டால் அது பசுமை வீடு ஆகிவிடும் என்கிறார் எங்கள் ஒப்பந்தக்காரர். எத்தனை கிலோவாட் போட்டால் போதும்?

பதில்: கிலோவாட் கணக்கு கடைசியில் வர வேண்டியது. வீடு எவ்வளவு வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொள்ளப் போகிறது என்பதை முடிவு செய்யாமல் தகட்டின் எண்ணிக்கையை முடிவு செய்வது, ஓட்டைப் பானைக்கு எத்தனை குடம் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதைப் போன்றது.

மேற்குச் சுவரில் வரப்போகும் ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிப் பரப்பு இரண்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்கு வெயில் சாய்ந்து நேராக அதன்மேல் விழும்போது, தெளிந்த வானமானால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 வாட் அளவுக்கு வெப்பம் விழும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உள்ளே விட்டுவிடும். அதாவது ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பம், ஒரு சிறு அறை ஹீட்டரை ஓடவிட்டதைப் போல, அறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியேற்ற ஏ.சி. அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரம் எடுக்கும். அந்த நேரத்திலோ கூரைத் தகடுகளின் உற்பத்தி நண்பகலில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். ஆக, தவறான இடத்தில் வைத்த ஒரு ஜன்னல் தரும் வெப்பத்தைச் சமாளிக்கவே ஒன்றிரண்டு தகடுகள் உழைக்க வேண்டியிருக்கும். ஜன்னலை வடக்கிலோ தெற்கிலோ வைத்திருந்தால் அந்தத் தகடுகளே தேவைப்பட்டிருக்காது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்ப நாடுகளில் சூரியன் பெரும்பாலும் தலைக்கு மேலே செல்வதால், வெயிலை அதிகம் வாங்குவது கூரை. அதற்கடுத்து கிழக்கு, மேற்குச் சுவர்கள். வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு மேலே முழம் நீளத்துக்கு ஒரு சன்ஷேட் இருந்தாலே உயரத்திலிருந்து வரும் வெயில் தடைபட்டுவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் கண்மட்டத்துக்குச் சாய்ந்து வருவதால் சன்ஷேட்டுக்கு அடியில் நுழைந்துவிடும்; அங்கே செங்குத்துப் பலகைகளோ, ஜாலிச் சுவரோ, இலையடர்ந்த மரமோதான் பயன்படும். கட்டிடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி அமைத்தால் இந்தத் தொல்லையில் பெரும் பகுதி வரைபடத் தாளிலேயே தீர்ந்துவிடும். அதற்கெனத் தனிச் செலவும் கிடையாது. மிகக் குளிர்ந்த நாடுகளில் கணக்கு வேறு. அங்கே நிலநடுக்கோட்டுப் பக்கம் பார்க்கும் பெரிய ஜன்னல் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பாகவே பயன்படும்.

கூரையின் வேலையைக் கையால் தொட்டே அறியலாம். வெப்பக் காப்பு எதுவும் இல்லாத கான்கிரீட் கூரைக்குக் கீழே இரவு ஒன்பது மணிக்கு ஒரு முக்காலியில் ஏறி உள்ளங்கையை மேலே வைத்துப் பாருங்கள். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், கூரையின் அடிப்பக்கமோ இன்னும் சுடும். பகலில் வாங்கிய வெப்பம் அடுக்கின் ஊடே மெல்ல இறங்கி, நாம் படுக்கப் போகும் நேரத்தில் வந்து சேர்கிறது. ஒரு செங்கல் தடிமன் உள்ள சுவரில் இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். வெயில் நாளில் கருமையான கூரைப்பரப்பு 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். ஒளியை நன்றாகத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு இருந்தால் அதே பரப்பு 25 டிகிரிக்கு மேல் குறைந்திருக்கக்கூடும். வெள்ளைப் பூச்சும், அதன் அடியில் வெப்பக் காப்பு அடுக்கும், மேலே நிழலும் ஆகிய மூன்றையும் முடித்த பிறகு உங்கள் மாத மின்தேவையைக் கணக்கிடுங்கள். தகட்டின் எண்ணிக்கை தானாகவே குறைந்திருக்கும். தகடுகளே கூரைக்கு நிழல் தரும் என்பதும் உண்மைதான். கூரையோடு ஒட்டி வைக்காமல் காற்று புகுந்து வெளியேற இடைவெளி விட்டு ஏற்றினால் அந்த நிழலின் பயன் முழுமையாகக் கிடைக்கும்.

கேள்வி: 500 வாட் என்று ஒட்டியிருக்கும் தகடு நடுப்பகலில்கூட 500 வாட் தரவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த எண், ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் தகட்டிலுள்ள செல்களுக்கு (ஒளியை மின்சாரமாக்கும் சிறு கட்டங்கள்) 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் உள்ள ஆய்வகச் சூழலில் அளக்கப்பட்டது. வெயிலில் கிடக்கும் தகட்டின் செல் 60 டிகிரியைத் தாண்டுவது வழக்கமே. சிலிக்கான் தகடுகள் ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு திறன் இழப்பதால், 65 டிகிரியில் ஏழில் ஒரு பங்கு வெப்பத்திலேயே போய்விடும். தூசி, கம்பி இழப்பு, தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் இழப்பு ஆகியவை அதற்கு மேல். வெயிலுக்காகவே செய்த பொருள் சூட்டைத் தாங்காது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தகட்டுக்கு வேண்டியது ஒளி மட்டுமே, சூடு அதற்குப் பகை. குளிர்ந்த காற்று வீசும் தெளிந்த காலைகளில் உங்கள் மானியைப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

இழப்பு இதைவிட அதிகமானால் நிழலைச் சந்தேகியுங்கள். நான் பார்க்கச் சென்ற ஒரு வீட்டில், தகடுகள் எல்லாம் புதியவை, துடைத்து வைத்த மாதிரி இருந்தன. உற்பத்தி மட்டும் மதியத்துக்குப் பிறகு சரிந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் மாடியில் உட்கார்ந்திருந்தபோது, தொட்டிக்குப் போகும் கைப்பிடி அளவே பருமனுள்ள குழாயின் நிழல் ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்கு மெதுவாக நகர்ந்ததைக் கண்டோம். தகட்டுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருப்பதால், நிழல்பட்ட ஒரு செல் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் மறிக்கும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு தகட்டிலும் மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பைபாஸ் டயோடுகள் வழக்கமாக மூன்று இருக்கும். அவை நிழல்பட்ட மூன்றில் ஒரு பகுதியை அப்படியே ஒதுக்கிவிடுகின்றன. ஒரு சாண் நிழலுக்காகத் தகட்டின் மூன்றிலொரு பங்கை இழக்கிறோம். குழாயை நாலடி தள்ளி மாற்றியதோடு அந்த வீட்டுச் சிக்கல் முடிந்தது.

கேள்வி: மின்தடை வந்தால், நல்ல வெயிலிலும் எங்கள் சூரிய அமைப்பு நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: பாதுகாப்புக்காக. மின்கட்டமைப்போடு இணைந்த இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் இல்லை என்று உணர்ந்ததும் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிப் பழுதுபார்க்க ஏறிய ஊழியரை உங்கள் கூரையிலிருந்து போகும் மின்சாரம் தாக்கும். மின்தடையிலும் இயங்க வேண்டுமானால், வெளிக்கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை.

கேள்வி: மாடியில் சிறு காற்றாலை ஒன்றும் வைக்கலாமா? எங்கள் மாடியில் காற்று நன்றாக வீசும்.

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும்; வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். நம் முகத்துக்கு இதமாக வீசும் காற்று, காற்றாலைக்குப் பட்டினிச் சோறு. எந்தக் காற்றாலையாலும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919இலேயே நிறுவிவிட்டார். அதற்கு மேல், கட்டிடங்களுக்கு இடையே காற்று சுழன்றும் திரும்பியும் வருவதால் இறக்கைகள் ஒரு திசையில் நிலைத்து உழைக்க முடிவதில்லை. அதிர்வும் இரைச்சலும் கூரை வழியே வீட்டுக்குள் இறங்கும்.

கட்டிடத்தையே காற்றாலைக்காக வடிவமைத்தால் நிலைமை ஓரளவு மாறும். 2008இல் கட்டி முடிக்கப்பட்ட பஹ்ரைன் உலக வர்த்தக மையத்தில், இரு கோபுரங்களும் கடற்காற்றைப் புனலைப் போல நடுவே குவிக்கின்றன. இடையிலுள்ள பாலங்களில் 29 மீட்டர் விட்டமுள்ள மூன்று காற்றாலைகள் சுழல்கின்றன. கோபுரங்களின் மின்தேவையில் 11 முதல் 15 விழுக்காடு என்பதுதான் அங்கும் வகுத்த இலக்கு. 2010இல் லண்டனில் எழுந்த ஸ்ட்ராட்டா கோபுரத்தின் உச்சியிலும் மூன்று காற்றாலைகள் உண்டு. அவை சுழல்வதைப் பார்ப்பதே அரிது என்பதுதான் நகரத்தில் அவற்றைப் பற்றிய பேச்சு. காற்றாலைக்குரிய இடம் திறந்த வெளியும் கடலும்தான்.

கேள்வி: இரவில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் ஏ.சி. இல்லாமல் சமாளிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி அளவில் வேறுபாடு இருக்கும் உலர்ந்த பகுதிகளில் இது மிக நன்றாக வேலை செய்யும். தடித்த சுவரும் தரையும் இரவுக் காற்றால் குளிர்ந்து, மறுநாள் பகலின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அறையைக் காக்கும். காலையில் வெயில் ஏறும் முன்பே ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாள் முழுதும் திறந்து வைத்தால் இரவில் சேர்த்த குளிர்ச்சி பத்து மணிக்குள் கரைந்துவிடும். ஈரப்பதம் மிகுந்த கடலோரங்களில் இரவும் பகலும் ஒரே புழுக்கமாக இருப்பதால் இந்த முறைக்குப் பயன் குறைவு. அங்கே தடித்த சுவரை விட, குறுக்குக் காற்றோட்டமும் தலைக்கு மேல் மின்விசிறியுமே உதவும். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆற்றுவதன் மூலம் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததைப் போன்ற உணர்வைத் தருகிறது. ஆளில்லாத அறையில் விசிறி சுழல்வது அதனால்தான் முழு வீண்.

பெரிய அளவில் இந்த முறைக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு, ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையம். அங்கே மின்விசிறிகள் இரவின் குளிர்காற்றைக் கான்கிரீட் தளங்களின் உட்குழிவுகள் வழியே செலுத்துகின்றன. பகலில் தளம் அந்தக் குளிர்ச்சியைத் திருப்பித் தருகிறது. வெப்பக் காற்று புகைபோக்கிகள் வழியே மேலேறி வெளியேறுகிறது. கறையான் புற்றைப் பார்த்துச் செய்த கட்டிடம் என்று இதைப் புகழ்வார்கள். ஆனால் புற்றுகள் அன்று நம்பியபடி வெப்பநிலையைச் சீராக வைப்பதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. கறையானைப் பற்றிய புரிதல் தவறாக இருந்தும் கட்டிடம் சரியாக இயங்குகிறது. ஹராரே உயரமான பீடபூமியில் இருப்பதும், அதனால் இரவுகள் குளிர்வதும் அதற்குக் காரணம். இதே கட்டிடத்தை அப்படியே ஒரு கடலோர நகரத்தில் எழுப்பியிருந்தால் யாரும் அதைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: 'பாசிவ் ஹவுஸ்' என்பது குளிர்நாட்டுச் சரக்கு, வெப்ப நாடுகளுக்கு ஒத்துவருமா?

பதில்: பிறந்த இடம் குளிர்நாடுதான். ஸ்வீடனின் போ ஆடம்சனும் ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் வகுத்த கருத்தின்படி, 1991இல் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்‌ஷ்டைன் பகுதியில் முதல் நான்கு வீடுகளின் வரிசை எழுந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணி, அதாவது 15 யூனிட்டுக்கு மேல் சூடாக்கும் ஆற்றல் தேவைப்படக் கூடாது என்பது அதன் அடிப்படை அளவுகோல். தடித்த காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, காற்றுக் கசிவே இல்லாத உறை, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றித் தரும் காற்றோட்டக் கருவி ஆகியவற்றால் அது எட்டப்படுகிறது.

வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே ஓடும். காப்பு அடுக்குக்கு உள்ளே எது, வெளியே எது என்ற பேதம் கிடையாது. ஆகவே ஏ.சி. ஓடும் கட்டிடத்துக்கு இந்த அறிவு அப்படியே பொருந்தும். ஏ.சி. இல்லாமல், திறந்த ஜன்னல்களோடு வாழும் வீட்டுக்குப் பொருந்தாது. காற்றே வெளியேறாத அறைக்குள் மனித உடலின் வெப்பமும் சமையலின் ஈரமும் தேங்கிக் காளான் பிடிக்கத் தொடங்கும். இரண்டில் எது உங்கள் வீடு என்று முதலில் தீர்மானியுங்கள், ஏ.சி.யும் திறந்த ஜன்னலும் சேர்ந்த வீடுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கேள்வி: தகடு செய்யச் செலவாகும் ஆற்றலை அது வாழ்நாளில் திருப்பித் தருவதில்லை என்று படித்தேன்.

பதில்: அது பழங்கதை. மணலிலிருந்து சிலிக்கான் பிரிக்க மிக அதிக வெப்பம் தேவை என்பது மெய். 1954இல் பெல் ஆய்வகத்தில் செய்த முதல் சிலிக்கான் செல் வெறும் 6 விழுக்காடு ஒளியையே மின்சாரமாக்கியது. இன்று கடைக்கு வரும் தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. செல்லின் தடிமனும் வெகுவாகக் குறைந்துவிட்டது. நல்ல வெயில் உள்ள இடங்களில் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் தகடு தன் கடனை அடைத்துவிடும். அதன் ஆயுளோ 25 ஆண்டுகளுக்கும் மேல்.

கேள்வி: வெந்நீருக்கும் அதே மின்தகட்டைப் பயன்படுத்தலாமா?

பதில்: மின்தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது, கூரையில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலன் பாதிக்குக் குறையாமல் வெப்பமாக வாங்கும். கூரை சிறியதானால் கலனே மேல். தகட்டு மின்சாரத்தைத்தான் பயன்படுத்துவேன் என்றால், சாதாரண கீசரை விட ஹீட் பம்ப் நல்லது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பத்தைக் காற்றிலிருந்து இழுத்துத் தரும்.

கேள்வி: சிமென்ட் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்கிறார்கள். அப்படியானால் பழைய வீட்டை இடித்துவிட்டு மண் வீடு கட்டுவது சரியா?

பதில்: முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைச் சற்று நிறுத்துங்கள். சிமென்ட் தயாரிக்கச் சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். எரிபொருளின் புகை ஒருபுறம் இருக்க, கல்லுக்குள்ளேயே அடைந்திருந்த கரியமில வாயுவும் பிரிந்து வெளியேறுகிறது. மொத்த வெளியீட்டில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருகிறது. எனவே சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தால் சுட்டாலும் பிரச்சினை தீராது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்டுக்கு உரியது. இப்படிச் சுட்டு வரும் கட்டியான கிளிங்கரில் ஒரு பகுதிக்குப் பதிலாக உலைக்கசடு, எரிசாம்பல், சுட்ட களிமண் ஆகியவற்றைக் கலந்த சிமென்டைக் கேட்டு வாங்குவதும், தேவைக்கு மேல் கான்கிரீட் ஊற்றாமல் பொறியாளரைக் கணக்குப் பார்க்கச் சொல்வதும் நம் கையில் இருக்கின்றன. மண்ணும் ஏளனத்துக்குரிய பொருள் அல்ல. யேமனின் ஷிபாம் நகரில் பச்சை மண் கல்லால் எழுப்பிய பல மாடி வீடுகளில் மக்கள் நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். மழையிலிருந்து காக்கும் அகன்ற கூரையும், ஈரம் ஏறாத அடித்தளமும், அவ்வப்போது பூசும் கையும் அதற்கு வேண்டும்.

ஆனால் உங்கள் பழைய வீடு நிற்கிறது. அதன் செங்கல், சிமென்ட், கம்பி ஆகியவற்றுக்கான புகை எப்போதோ வானத்துக்குப் போய்விட்டது. இடித்தால் அது திரும்பி வராது, புதிய வீட்டுக்கான புகை மேலும் சேரும். 2021இல் கட்டிடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் ஆன் லகாட்டோனும் ஜான் ஃபிலிப் வசாலும், பிரான்சின் போர்டோ நகரில் 530 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடிகளைச் சக கலைஞர்களோடு சேர்ந்து இப்படித்தான் புதுப்பித்தார்கள். இடிக்கவில்லை, குடியிருந்தவர்கள் வெளியேறவும் இல்லை. ஒவ்வொரு வீட்டின் முன்னும் கண்ணாடி அடைப்புள்ள அகன்ற தாழ்வாரம் ஒன்றைச் சேர்த்தார்கள். வீடு பெரிதாகி வெளிச்சம் கூடியது, குளிர்காலத்தில் வெப்பமும் மிஞ்சியது. உங்கள் வீட்டுத் தூண்களும் உத்தரங்களும் நல்ல நிலையில் இருந்தால் கூரைக் காப்பு, ஜன்னல் நிழல், கசியும் இடங்களின் அடைப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண் வீட்டு ஆசையை அடுத்து எழுப்பும் ஓர் அறையில் தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பசுமைச் சான்றிதழ் பெற்ற கட்டிடங்களை நம்பலாமா? எங்கள் அலுவலகம் முழுக்கக் கண்ணாடி; அதற்கும் சான்றிதழ் இருக்கிறது.

பதில்: 1990இல் பிரிட்டனில் தொடங்கிய பிரீம் முறையும், பின்னர் அமெரிக்காவில் வந்த லீட் முறையும் மதிப்பெண் முறைகள். சைக்கிள் நிறுத்துமிடம், தண்ணீர்ச் சிக்கனம், உள்நாட்டுப் பொருட்கள் எனப் பல தலைப்புகளில் மதிப்பெண் சேரும்போது, ஆற்றலில் சுமாரான கட்டிடமும் தேறிவிடலாம். வரைபடத்தில் கணித்த செலவுக்கும் மின்மானி காட்டும் செலவுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். தெற்கு லண்டனில் 2002இல் முடிந்த பெட்செட் குடியிருப்பில் மரத்துண்டுகளை எரித்து மின்சாரமும் வெப்பமும் தரும் நிலையம் சரிவர ஓடாமல் கைவிடப்பட்டு, எரிவாயுக் கொதிகலன்கள் வந்தன. ஆனால் தடித்த காப்பும் தெற்கு நோக்கிய அமைப்பும் இன்றும் தம் வேலையைச் செய்கின்றன. இயந்திரம் பழுதானபோது சுவர் காப்பாற்றியது. சியாட்டிலில் 2013இல் திறந்த ஆறு மாடி புல்லிட் மையம் இதற்கு மறுபக்கம்: முதலில் தேவையை வெகுவாகக் குறைத்ததால், சுவரைத் தாண்டி நீளும் தொப்பி போன்ற கூரையிலுள்ள தகடுகளாலேயே ஆண்டுக்கணக்கில் ஈடுகட்ட முடிகிறது. உங்கள் அலுவலகத்தில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால், அதன் பக்கத்தில் கடந்த ஆண்டின் மின்கட்டண அளவையும் மாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். கூரையும் என்னுடையதில்லை, சுவரும் என்னுடையதில்லை. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: மேற்கு ஜன்னலிலிருந்து தொடங்குங்கள். திரையை உள்ளே தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையில் வெப்பமாக மாறி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அதே துணியையோ மூங்கில் தட்டியையோ கண்ணாடிக்கு வெளியே, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் பெரும்பகுதி வெப்பம் வெளியிலேயே கலைந்துவிடும். கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதானால் வீட்டு உரிமையாளரும் மறுக்க மாட்டார். ஏ.சி. இருந்தால், அது ஓடும்போது மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கதவின் அடியிலும் ஜன்னல் ஓரங்களிலும் பிடித்துப் பாருங்கள். காகிதம் ஆடும் இடமெல்லாம் குளிர்ச்சி கசியும் இடம், ஒட்டுப் பட்டையால் அடைத்துவிடலாம்.

பிறகு, ஒரு வாரம் இரவு படுக்கும் முன்னும் காலை எழுந்ததும் மின்மானியைக் குறித்து வையுங்கள். எல்லோரும் உறங்கும் நேரத்தில் ஓடும் யூனிட்டுகளில் குளிர்பதனப் பெட்டிக்கும் விசிறிக்கும் உரியதைக் கழித்துவிட்டு, மீதியை யார் எடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கித் தேடுங்கள். கண்டுபிடித்தது என்ன என்று எழுதினால் அடுத்த இதழில் பேசலாம்.